ஓட்டோத் தரிப்பிடத்தில் ஒரு சித்திர வகுப்பு

ஓட்டோ ஓட்டுகிறவனுடைய வேலையில் முக்கால்வாசி ஓடாமல் நிற்பதுதான். திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கிற எங்கள் தரிப்பிடத்தில் ஒன்பது ஓட்டோக்கள் வரிசையாக நிற்கும். முதலாவது ஓட்டோ ஆளை ஏற்றிக்கொண்டு ஹயர் போனால், மற்ற எட்டும் ஒரு ஓட்டோ நீளம் முன்னுக்கு நகர வேண்டும். இதற்கெல்லாம் எஞ்சினை ஸ்டார்ட் பண்ண மாட்டோம், இறங்கித் தள்ளுவோம். போனவன் திரும்பி வந்தால் வாலில் போய் நிற்க வேண்டும். இப்படி நிற்கிற நேரத்தில் அரசியல் கதைக்கலாம், போன் பார்க்கலாம், நித்திரை கொள்ளலாம். மூன்றையும் பதினைந்து வருஷம் செய்து அலுத்துப்போய், நாற்பத்து மூன்றாவது வயதில் நான் படம் கீறப் படிக்கத் தொடங்கினேன்.

ஆசிரியர் இல்லை, வகுப்பு இல்லை. மாணவனும் நான், அதிபரும் நான். ஏதோ ஒன்றைத் தனியாகப் படித்துக்கொண்டு, யாராவது கண்டுவிடுவார்களோ என்று கொப்பியைக் குப்புறக் கவிழ்த்து வைக்கிற ஆட்களே, இது உங்களுக்குத்தான். நீங்கள் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களில் பாதிப் பேரை நான் ஏற்றி இறக்கியிருக்கிறேன்.

நூறு நாள் திட்டம்

முதலில் திட்டம் போட்டேன். பெரிய தாளில் நூறு கட்டங்கள். பாடத்துக்குச் சிவப்பு, படித்ததைத் திரும்பப் பார்க்கிற மீட்டலுக்குப் பச்சை, ஓய்வுக்கு நீலம். பென்சில் வகைகளுக்கு ஐந்து நாள், கோடுகளைப் பற்றிய வீடியோக்களுக்கு ஏழு நாள், நிழல் போடுவதைப் பற்றிய வீடியோக்களுக்கு ஒன்பது நாள், இடைக்கிடை மீட்டல். கட்டங்கள் நேராக வரவில்லை என்று இரண்டு தரம் கிழித்துப்போட்டுத் திரும்ப வரைந்தேன். நூறு நாள் திட்டத்தை எழுதி முடிக்கவே பதினொரு நாள் பிடித்தது. அந்தப் பதினொரு நாளும் நான் இருந்த சந்தோஷத்தைச் சொல்ல ஏலாது.

அதை பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, என் சீட்டின் முதுகில், பின்னால் இருக்கிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி ஒட்டினேன். திட்டத்தைக் காட்ட எனக்கு வெட்கமே இல்லை பாருங்கள். படத்தைக் காட்டத்தான் வெட்கம். ஒருநாள் கந்தோர் வேலை முடிந்து அன்புவழிபுரத்துக்கு ஏறிய ஒரு தங்கச்சி, வழி முழுக்க அதை வாசித்துக்கொண்டே வந்தா. இறங்குகிற நேரத்தில் கேட்டா:

“வலு வடிவான திட்டம் அண்ணா. இதில படம் கீறுறது எத்தினையாம் நாள்?”

சுட்டெண்

அப்படி ஒரு நாளே அதில் இல்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். அந்தத் தங்கச்சிக்குச் சொல்லவில்லை, உங்களுக்குச் சொல்கிறேன். பத்தொன்பது வயதில் நான் நுண்கலை படிக்கப் போவதற்கான செய்முறைப் பரீட்சைக்குப் போனனான். மேசையில் ஒரு மண்பானை, மூன்று கத்தரிக்காய், மடித்துப் போட்ட ஒரு துணி. மூன்று மணித்தியாலம். பானையின் வாயைக் கீறினேன், கோணலாக வந்தது, அழித்தேன். திரும்பவும் கீறினேன், அழித்தேன். பக்கத்தில் இருந்தவன் கத்தரிக்காய்க் காம்புக்கு நிழல் போட்டுக்கொண்டிருந்தான். என்னுடைய தாளில் அழிறப்பர்த் தூள்தான் மிச்சம்.

கடைசி மணி அடிக்கும்போது, மூலையில் எழுதின பரீட்சை இலக்கத்தை, அதாவது சுட்டெண்ணைத் தவிர, தாள் வெறுமையாக இருந்தது. பிழையாகக் கீறிக் கொடுப்பதைவிட ஒன்றுமே கீறாமல் கொடுப்பது மரியாதை என்று அந்த வயதில் எனக்குப் பட்டது. அதற்குப் பிறகு இருபத்து நாலு வருஷம் நான் பென்சில் பிடித்தது சிட்டையில் போன் நம்பர் எழுத மட்டும்தான். ஒரே ஒரு முழுப் படம், கீழே என் பெயரோடு, யாராவது பார்ப்பதற்கென்று கொடுக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்குத்தான் எனக்குப் பயம். அன்று தாளை வாங்கிய மேற்பார்வையாளர் நல்ல மனிசன். முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, ஆறுதலாகச் சொன்னார்:

“சுட்டெண்ணை நல்ல வடிவா எழுதியிருக்கிறீர் தம்பி.”

சாட்சி இல்லாத படம்

திட்டத்தின் முப்பத்தோராம் நாள், மீட்டல் என்று பச்சையில் எழுதியிருந்தது. மீட்டுவதற்கு ஒன்றும் இல்லாததால் கீறத் தொடங்கினேன். ஜெட்டிப் பக்கத்து வாகை மரம், அதன் கீழ் ஒரு பழைய தோணி. முப்பது நிமிஷம் நான் உலகத்திலேயே இல்லை. கோடு எங்கே போக வேண்டும் என்று எனக்கு முன்னமே தெரிந்த மாதிரி இருந்தது. முடியப்போகிறது என்று தெரிந்ததும் பென்சிலைச் சட்டைப் பைக்குள் போட்டேன். கொப்பியை சீட்டில் வைத்துவிட்டு, தேத்தண்ணி குடிக்கிற சாட்டில் கடைக்குப் போய்விட்டேன்.

எங்கள் ஊரில் மான்கள் வீதியில் மாடு மாதிரித் திரிகிறது உங்களுக்குத் தெரியும். வாழைப்பழத் தோலில் இருந்து கடையப்பம் சுற்றின கடுதாசி வரைக்கும் தின்னும். நான் திரும்பி வரும்போது ஒரு மான் ஓட்டோவுக்குள் தலையை விட்டு என் வாகை மரத்தைச் சப்பிக்கொண்டிருந்தது. நான் துரத்தவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. இனி ஒருவரும் பார்க்க மாட்டார்கள் அல்லவா? ஆனால் எனக்குப் பின்னால் நின்ற நஸீர், கிண்ணியாக்காரன், பத்து வருஷமாக என்னோடு ஓட்டோ ஓடுகிறவன், ஓடிவந்து மானைக் கலைத்து, மிஞ்சின மூலையை நிமிர்த்திப் பார்த்தான். அதில் தோணியின் மூக்கு மட்டும் இருந்தது.

“மச்சான், நல்லாத்தான் கீறியிருக்காய். நீயே தின்னக் குடுத்தியா?”

வளைந்த படகு

அதற்குப் பிறகு வேகம் பிடித்தது. கொப்பியை ஹாண்டிலில் சாத்தி வைத்துக்கொண்டு, ஜெட்டியில் கட்டியிருந்த ஒரு நீலப் படகைக் கீறினேன். இரண்டு மணித்தியாலம் எடுத்து, முன்பக்கத்து அணியம், மேல்தட்டு, கொடிக்கம்பு, வலைக்குவியல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துக் கீறினேன். முடித்துப் பார்த்தால் படகு நாய் வால் மாதிரி வளைந்து கிடந்தது. ஏனென்று விளங்கவில்லை. இருபத்து நாலு வருஷத்துப் பயம் திரும்பி வந்து நெஞ்சில் குந்திக்கொண்டது. உன்னால் ஏலாது ராசா, வாகனத்தைப் பார் என்றது.

நஸீர் ஓட்டோவைத் தள்ளச் சொல்லிக் கத்தினபோதுதான் விளங்கியது. அணியத்தை நான் கீறும்போது வரிசையில் எட்டாவதாக நின்றேன். மேல்தட்டைக் கீறும்போது ஐந்தாவது. வலைக்குவியலுக்கு வரும்போது இரண்டாவது. இருபது நிமிஷத்துக்கு ஒருக்கால் தள்ளித் தள்ளி, ஒரே படகை நான் ஏழு இடத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்! எனக்கு வந்த சந்தோஷத்தில் ஹோர்னை அடித்துவிட்டேன். பிழைக்கு ஒரு காரணம் இருக்கிறது, அது என் கையில் இல்லை, நான் நின்ற இடத்தில்தான் என்று தெரிந்தது எவ்வளவு பெரிய விஷயம். அன்றைக்கு என் ஓட்டோவில் ஏறினவர் அந்தப் படகின் சொந்தக்காரர். ஆசையில் முதல்தரமாகக் கொப்பியை எடுத்துக் காட்டினேன். நல்லாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“இதில ஏறிப் போனா கடல்ல வட்டமடிச்சுப்போட்டுத் திரும்பி இஞ்சதான் வருவன் தம்பி.”

வாலுக்குப் போகிறவன்

மருந்து தெரிந்துவிட்டது: ஒரே இடத்தில் நிற்க வேண்டும். ஆனால் தரிப்பிடத்துச் சட்டம் அதற்கு விடாது. முறையை எடுக்காதவன் வரிசையை விட்டு விலகி வாலுக்குப் போக வேண்டும், நடுவில் நந்தி மாதிரி நிற்க ஏலாது. சரி, வாலிலேயே நிற்போம் என்று, இரண்டாவது இடத்துக்கு வந்ததும் ஓட்டோவைத் திருப்பிக்கொண்டு வாலுக்குப் போகத் தொடங்கினேன். வாலிலும் இருபது நிமிஷத்துக்கு மேல் நிற்க ஏலாது. எனக்குப் பின்னால் அடுத்தவன் வந்து நின்று தள்ளச் சொல்லிவிடுவான். அரைவாசிப் படகுகள் கொப்பியில் சேர்ந்தன. அரைவாசி என்றபடியால் ஒருவருக்கும் காட்டத் தேவையில்லை. அதிலும் எனக்கு ஒரு வசதி இருந்ததை மறைக்க மாட்டேன்.

தரிப்பிடத்துத் தலைவர் ஜெகன் அண்ணை. சட்டங்களை எழுதினவரும் அவர்தான், மீறினால் கத்துகிறவரும் அவர்தான். நாலு நாள் என்னைக் கவனித்துவிட்டு, எனக்கு ஏதோ வருத்தம் என்று முடிவுகட்டி, ஒரு பின்னேரம் தனியாகக் கூப்பிட்டார். தோளில் கையைப் போட்டுக்கொண்டு கேட்டார்:

“உண்மையைச் சொல்லு ரவி. உனக்கு முன்னுக்கு வரப் பயமோ?”

விண்ணப்பப் படிவம்

கந்தளாயில் இருந்து மாற்றலாகி வந்த ஒரு சித்திர ரீச்சர் கிழமைக்கு இரண்டு தரம் என் ஓட்டோவில் பள்ளிக்கூடம் போவா. வயது முப்பதுகூட இராது. ஒருநாள் கொப்பி சீட்டில் இருந்து நழுவி அவவின் காலடியில் விழுந்து விரிந்துவிட்டது. கண்ணாடியில் பார்த்தேன். ஒரு பக்கம், இரண்டு பக்கம் என்று புரட்டிக்கொண்டே போறா. நான் பள்ளத்தைக் காணாமல் விட்டு ஓட்டோவைத் தூக்கிப் போட்டேன். அவ நிமிரவே இல்லை.

இறங்கும்போது பையில் இருந்து ஒரு படிவத்தை எடுத்துத் தந்தா. நகரத்து மண்டபத்தில் கண்காட்சி. மாவட்டத்தில் யாரும் ஒரு படம் கொடுக்கலாம். தெரிவு செய்து சுவரில் மாட்டுவார்கள். கடைசி நாள் வருகிற வியாழன், பின்னேரம் நாலு மணி. இன்றைக்கு வெள்ளி. என் திட்டத்தில் இன்றைக்கு அறுபத்து நாலாம் நாள்தான், இன்னும் முப்பத்தாறு நாள் கிடக்கிறது, நான் இன்னும் தயாரில்லை ரீச்சர் என்று சீட்டின் முதுகைத் தட்டிக் காட்டினேன். அவ படிவத்தை என் கையில் இருந்து வாங்கி, மேலிருந்து கீழே ஒருக்கால் வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தா:

“நீங்கள் தயாரோ எண்டு இதில ஒரு இடத்திலயும் கேட்கேல்லை அண்ணா.”

நாலாம் இடம்

படிவத்தை முன் கண்ணாடிக்கு மேல் இருக்கிற வெயில் தட்டிக்குள் செருகி வைத்தேன். நஸீர் எடுத்துவிட்டான். அவனிடம் இருந்து அது ஜெகன் அண்ணையிடம் போய்விட்டது. திங்கள் காலை எட்டுப் பேரும் கூடி நின்றார்கள். தீர்மானம் இதுதான்: புதன்கிழமை முழுக்க என் ஓட்டோ நாலாம் இடத்தில் நிற்கும். துறைமுகம் நல்லாகத் தெரிகிற இடம் அதுதான் என்று அவர்களே பார்த்து வைத்திருக்கிறார்கள். மற்றவர்கள் ஐந்தாம் இடத்தில் இருந்து என்னைச் சுற்றித் தள்ளிக்கொண்டு மூன்றாம் இடத்துக்குப் போவார்கள். சட்டத்தை எழுதின ஜெகன் அண்ணையே சட்டத்தை ஒருநாள் நிறுத்தி வைத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

புதன்கிழமை எனக்குக் கை வரவில்லை. ஒன்பது மணியில் இருந்து பதினொரு மணி வரைக்கும் தாள் வெள்ளையாகவே இருந்தது. படகுகள் அசையாமல் நிற்கின்றன, ஓட்டோ அசையாமல் நிற்கிறது, சாட்டுச் சொல்ல இனி ஒன்றுமில்லை. எட்டுப் பேரும் என்னைச் சுற்றி வியர்க்க வியர்க்கத் தள்ளுகிறார்கள், நான் பென்சிலைச் சீவிக்கொண்டிருக்கிறேன். ஜெகன் அண்ணை எட்டிப் பார்க்க வந்தால் என்ன செய்வது என்று யோசித்து, கொப்பியை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவோம் என்று எஞ்சினை ஸ்டார்ட் பண்ணத் திறப்பில் கை வைத்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு அம்மா மீன் பையோடு வந்து, கேட்காமல் கொள்ளாமல் என் பின் சீட்டில் ஏறி இருந்தா. திரியாய் ஊருக்குப் போக வேண்டுமாம், பஸ்சுக்கு இன்னும் ஒன்றரை மணித்தியாலம் கிடக்காம், இது ஓடாத ஓட்டோ என்று நஸீர் சொன்னானாம், அதனால் நிழலுக்கு இருக்கிறாவாம். இருந்துவிட்டு, வாகனத்தில் ஏறின எல்லோரும் கேட்கிற மாதிரி, “வெளிக்கிடேல்லையோ தம்பி?” என்று பழக்கத்தில் கேட்டா. நானும் பழக்கத்தில், “இந்தா வெளிக்கிட்டன் அம்மா” என்றேன். ஓட்டோக்காரனுக்கு இது ஒரு வியாதி. பின் சீட்டில் பாரம் விழுந்தால் கை சும்மா இராது. பதினைந்து வருஷத்துப் பழக்கம். ஏறின ஆளைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான், அதற்குள் பயப்பட நேரமில்லை. கை தாளில் இறங்கிவிட்டது. முதல் கோடு கோணல். கோணலான வீதியில் நாங்கள் ஓடாததா என்று விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போனேன். படகு, அதற்கு அப்பால் படகு, கயிறு, ஜெட்டி, தூரத்து மலை. உடம்பு முழுக்க விறுவிறு என்று இருந்தது. அழிறப்பர் எங்கே போனது என்றே தெரியாது. மலையில் கடைசி நிழலைப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோதும் அந்த அம்மா வெற்றிலையை மென்றபடி அப்படியே இருந்தா. தோளுக்கு மேலால் தாளை எட்டிப் பார்த்தா:

“வந்து சேந்திட்டம் போல கிடக்கு. இறங்கட்டோ?”

வியாழன் பின்னேரம்

மூன்றரைக்கு மண்டப வாசலில் நின்றேன். பெயர் எழுதியாகிவிட்டது. தலைப்புக்கு “துறைமுகம்” என்று போட்டேன். அதற்கு மேல் யோசித்தால் திரும்பிப் போய்விடுவேன் என்று எனக்குத் தெரியும். மேசையில் இருந்த பிள்ளை படிவத்தை வாங்கிப் பதிந்துவிட்டு, படத்துக்குக் கையை நீட்டினா. நீட்டினேன். அவ ஒரு பக்கம் பிடித்தா, நான் மறுபக்கம் பிடித்திருந்தேன். மலை கொஞ்சம் சரிந்திருக்கிறது என்று அப்போதுதான் கண்ணில் பட்டது. வீட்டுக்குக் கொண்டுபோய்த் திருத்திக்கொண்டு வரலாமோ என்று பார்த்தேன். எனக்குப் பின்னால் நாலைந்து பேர் நிற்கிறார்கள். பிள்ளை மெதுவாக இழுத்தா. வரவில்லை. சிரிக்காமல் சொன்னா:

“நீங்கள் விட்டாத்தான் அண்ணா நான் எடுக்கலாம்.”

நீளக் காற்சட்டை

கண்காட்சி திறந்த அன்று எட்டுப் பேரும் நீளக் காற்சட்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். நஸீர் அத்தர் பூசியிருந்தான். எட்டு ஓட்டோ பின்னால் வர, நான் மாப்பிள்ளை மாதிரி முன்னால் போனேன். முதல் சுவர், இரண்டாம் சுவர், மூன்றாம் சுவர். என் படம் இல்லை. திரும்ப முதலில் இருந்து பார்த்தோம். ஜெகன் அண்ணை ஒரு திரைச்சீலையைத் தூக்கிக்கூடப் பார்த்தார். நான் இருபத்து நாலு வருஷமாகக் கெட்ட கனவில் கண்டது இதுதான், அதுவும் எட்டுச் சாட்சிகளோடு. தெரிவு செய்யாத படங்களைப் பின் அறையில் வாங்கிக்கொள்ளலாம் என்று அந்த மேசைப் பிள்ளை சொன்னா. ஒருவரும் ஒருவருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

படத்தின் பின்பக்கம் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. “தெரிவு செய்யப்படவில்லை. படகுகள் கவனமாகப் பார்த்துக் கீறப்பட்டுள்ளன. தண்ணீர் பார்த்துக் கீறப்படவில்லை. அடுத்த முறையும் அனுப்பவும்.” நான் அதை நாலு தரம் வாசித்தேன். பிறகு முன்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். உண்மை! தண்ணீரில் நான் கண்ணே வைக்கவில்லை. படகுகளுக்கு நடுவில் இடம் காலியாக இருக்கிறதே என்று சும்மா கோடுகளை இழுத்துவிட்டிருக்கிறேன். யாரோ முகம் தெரியாத ஒருவர் என் படத்துக்கு முன்னால் நின்று, தண்ணீர் வரைக்கும் இறங்கிப் பார்த்திருக்கிறார். எனக்கு உள்ளங்கால் வரை சிலிர்த்தது. உடனே துறைமுகத்துக்கு ஓட வேண்டும் போல இருந்தது. இந்த வெயிலில் படகின் நிழல் விழுகிற இடத்தில் தண்ணீர் என்ன நிறம் என்று எனக்குத் தெரியாது, பதினைந்து வருஷமாக அதற்கு எதிரில் நிற்கிறேன். நஸீர் துண்டை வாங்கி வாசித்துவிட்டு, நடுவரோடு கதைக்க வேண்டும் என்று சட்டைக் கையை மடித்துவிட்டான். ஜெகன் அண்ணை அவனைப் பிடித்து நிறுத்தி, என்னை உற்றுப் பார்த்தார்:

“தெரிவு செய்யேல்லை எண்டுதானே எழுதிக் கிடக்கு. நீ ஏன்ரா பல்லைக் காட்டுறாய்?”

இத்தனை வருஷமும் நான் எதற்குப் பயந்தேன் என்று கேட்டால், யாராவது ஒருவர் என் படத்தைப் பார்த்து இது சரியில்லை என்று சொல்லிவிடுவார் என்பதற்குத்தான். சொல்லிவிட்டார், இப்போது எனக்கு ஒரு கடல் முழுக்கத் தண்ணீர் கீறுகிற வேலை கிடக்கிறது.